மைக்கூடு பார்த்த பக்கங்கள்

யாங்கூனில் மைக்கூட்டை மிஞ்சிய பிடிவாதக்காரர் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் மைக்கூட்டைச் சந்திக்கவில்லை என்று அர்த்தம். லத்தா பேட்டையில் காமிக்ஸ் வாடகைக்கு விடுபவர். பழைய புத்தகத்தில் படத்தின் நிழல் வெளுத்தால் தானே மை தொட்டு நிரப்புவார். அதனால் அந்தப் பெயர்.

அவருக்கு உலகில் ஒரே ஓவியர்தான், ஓர் ஆங்கிலேயர். கூடப் படித்தவர் மாதிரி "நம்ம ஆளு" என்பார்.

"மொதல்ல சண்டைக் கதையில டாங்கி வரைஞ்சாரு. அப்புறம் வாரப் பத்திரிகையில ராக்கெட்டு. அமெரிக்காக்காரன் கூப்பிட்டான், போகலியே! வீட்டுலேர்ந்தே வரைஞ்சு அனுப்பினாரு. இன்னைக்கு எவன் மூஞ்சில பாதி இருட்டு போட்டாலும், அது நம்ம ஆளு இருட்டுதான்."

கரண்ட் போனாலும் அந்தப் பெருமை நம்ம ஆளுக்கே.

திரும்பி வரும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். ஒருமுறை, பர்மிய மரியாதைக்கு ஒரு "கோ" போட்டு, என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கோ மணி, பதினேழாம் பக்கத்துல நம்ம ஆளு வரையாத மீன்குழம்பு இருக்கே?"

என் மகள் காவேரியின் கணக்கு நோட்டில் முக்கோணங்களெல்லாம் பாதி கறுப்பாக மாறியபோது, அந்தக் கடைக்குப் போகக் கூடாதென்று தடை போட்டேன். கணக்கில் இரண்டு முறை தோற்றவனுக்குத்தான் கணக்கின் அருமை தெரியும்.

அப்புறம் ஒரு மதியம் பூமி ஆடியது. வீட்டில் விலைமதிப்புள்ளதை அள்ளிக்கொண்டு ஓடினேன். தெருவில் பார்த்தால் கையில் ரைஸ் குக்கர் மூடி. காவேரியைத் தேடி டியூஷன் வீட்டுக்குப் போனால், "காவேரி இன்னைக்கு வரலியே" என்றார்கள். போன் கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு லத்தாவுக்கு ஓடினேன்.

கடைக்குள் அலமாரிகள் சரிந்து கிடந்தன. நடுத்தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, "அமெரிக்காக்காரன் கூப்பிட்டான், போகலியே!" என்று கத்திக்கொண்டிருந்தார் மைக்கூடு. அழ வேண்டிய பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன. நடுவில் காவேரி.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"கெய்சா மஷிபூ, ஒண்ணும் ஆகலப்பா. அது ஏன் கையில மூடி?" என்றாள் காவேரி.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மைக்கூடு குறுக்கே நின்றார்.

"இருங்க, கோ மணி. பார்க்காம குடுக்க மாட்டேன்."

கைகளை நீட்டச் சொன்னார். திரும்பி நிற்கச் சொன்னார். நெற்றி, முழங்கை, கால் எல்லாம் பார்த்தார்.

"ஒரு பக்கமும் கிழியல. கொண்டு போங்க."

அவர் நெற்றியில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

ஃபேன் லேசாக ஆடினாலும் மூடியைத் தேடும் நிலையில்தான் இன்னும் இருக்கிறேன். ஆனால் வாரா வாரம் காவேரியை நானே கடைக்குக் கூட்டிப் போகிறேன். அவர் எங்கள் புத்தகத்தைப் புரட்டும்போது, எதிரே நின்று நானும் அவரைப் பார்த்துக்கொள்கிறேன்: நெற்றி, இரண்டு கை, இரண்டு கால். எல்லாப் பக்கமும் இருக்கிறது.