கீச் இல்லாத கம்பிகள்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில், உங்கள் தாயார் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தைப் பயந்து பயந்து எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றபோது நீங்கள் கொடுத்த பேஸ் கிடாரோடு உங்கள் தாயாரின் பாட்டுக் குழுவில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, இடம் சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வரும். விரல் கம்பியின்மேல் உரசிக்கொண்டே தேடும். அந்தச் சந்தேகம்தான் ஒலிபெருக்கியில் 'கீச்' என்று எல்லோருக்கும் கேட்கிறது. போன ஒத்திகையில் சம்பந்தியம்மா பாட்டை நிறுத்திவிட்டு, "சம்பந்தி, உங்க கிடாருக்குள்ள எலி ஏதும் குடியிருக்கா?" என்றார். கீபோர்டு வாசிக்கும் பல் டாக்டர் தாளம் தப்பாமல் சிரித்தார். "அடுத்த ஒத்திகையிலயும் கீச்சுன்னா, பேஸுக்குக் கீபோர்டுல டாக்டரோட இடது கையே போதும்" என்றும் சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை, ஒரு மனிதனின் இடத்தை இன்னொரு மனிதன் பிடிக்கலாம். ஒரு இடது கை பிடிப்பதா?

ஆகவே கடைக்குப் போனேன். சாதாரணக் கம்பியின் வெளிச்சுற்று உருண்டையாம்; வரிவரியாக இருக்கும், விரல் பட்டால் கத்தும். ஃபிளாட்வவுண்ட் என்பதில் தட்டையான நாடாபோலச் சுற்றி வழவழவென்று வைத்திருக்கிறார்கள். "எந்த மாதிரி சவுண்டு சார் வேணும்?" என்றார் கடைக்காரர். "இருட்டா இருக்கணும். பக்கத்து ரூம்ல யாரோ பீரோவை மெதுவா நகர்த்துற மாதிரி" என்றேன். ஸ்டீல் சுற்றியதா, நைலான் போர்த்தியதா என்று கேட்டார். ஸ்டீல் விறைப்பு; என் விரல் தாங்குமா? நைலான் மந்தம், ஏற்கெனவே நானே மந்தம். யோசித்துச் சொல்கிறேன் என்று வாசல்வரை போய், திரும்பி வந்து, அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டு, கடைசியில் அவர், "சார், கம்பிதானே வாங்குறீங்க, வீடா வாங்குறீங்க?" என்றதும் வெட்கத்தில் ஸ்டீலை வாங்கிவிட்டேன்.

மாட்டியாச்சு மாப்பிள்ளை! என்ன சவுண்டுங்கிறீங்க! கீச்சுங்கற பேச்சே இல்ல. நான் எவ்வளவு சந்தேகப்பட்டாலும் வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. உங்க அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வாசிக்கிறீங்களா, சும்மா உக்காந்திருக்கீங்களா?"ன்னு கேட்டா. இதைவிடப் பாராட்டு வேணுமா? பழைய கம்பிகளை அந்தச் சூட்டோடு குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். நாளை ஒத்திகை. தாயாரிடம் பேசும்போது, நான் எழுதியதாகச் சொல்லாமல், என் கம்பிகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும்.

உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் சேர வேண்டும் என்று, வாழ்த்தும் அளவுக்கு நான் பெரியவனா என்ற தயக்கத்தோடு வாழ்த்தும்,
மாமனார்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் ஒத்திகை முடிந்துவிட்டது. பேஸ் இருட்டாகத்தான் இருந்தது. சரணம் வந்தது, சம்பந்தியம்மா வாயைத் திறக்கவில்லை. மறுபடி வாசித்தோம்; மறுபடியும் அப்படியே நின்றார். "கீச் எங்க சம்பந்தி? அது வந்தாத்தானே நான் சரணத்த எடுப்பேன்!" என்று என்மேலேயே பாய்ந்தார். இத்தனை நாளும் அதை வைத்துத்தான் பாடியிருக்கிறார். டாக்டரின் இடது கைக்குக் கீச்சிட வராது என்பதால் என் இடம் நிரந்தரம். ஆகவே மேலே எழுதிய எதையும் தாயாரிடம் சொல்ல வேண்டாம். பழைய மாதிரிக் கம்பி ஒரு செட் உடனே வாங்கி அனுப்பவும். அந்தக் கடைக்காரர் முகத்தில் என்னால் மறுபடி விழிக்க முடியாது. கம்பி வந்து சேரும்வரை வாயாலேயே கீச்சிடும்படி எனக்கு உத்தரவு. வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன். சரியாக வருகிறதா என்றுதான் சந்தேகம்.