ஸ்கூட்டருக்குள் மாட்டிக்கொண்ட முகூர்த்த ரவிக்கை

எனக்கு ஒரு பொருளைப் பற்றிக் கால்வாசி தெரிந்தால் போதும், முக்கால் மணி நேரம் பேசிவிடுவேன். தையல்காரிக்கு இது ஒரு வசதி. அளவு கொடுக்க வருகிறவர்கள் என் பேச்சைக் கேட்டுக்கொண்டே மூச்சை இழுத்துப் பிடிக்க மறந்துவிடுவார்கள். சரியான சுற்றளவு கிடைத்துவிடும். ஆனால் இதே வாய் என்னை ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் முக்கால் வளைவாகக் குனிய வைத்து, ஊரே பார்க்க நிறுத்தியது. அந்தக் கதையை இதுவரை மற்றவர்கள்தான் சொல்லி வந்தார்கள். இப்போது நானே சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சம் என் பங்கு நியாயத்தையாவது இடையில் செருகலாம்.

நான் கேரள எல்லையில், கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில், வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் கரண்டு வண்டி. பெட்ரோல் மூடி கிடையாது, கிக்கர் கிடையாது, சீட்டுக்குச் சாவித் துவாரமே கிடையாது. ஹேண்டில்பாரில் ஒரு பொத்தானை அழுத்தினால் சீட்டு 'டக்'கென்று தானாகத் திறக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுப்பதற்கு முன்னால் அதைத் திறந்து காட்டினேன். (சிலருக்குக் காபி கொடுக்கவே மறந்துபோனது.)

வண்டி வாங்கி இரண்டு மாதம் இருக்கும். கொல்லங்கோட்டில் கல்யாணம். பெண் கவிதாவுக்கு முகூர்த்த ரவிக்கை நான்தான் தைத்தேன். ஜரிகை வேலை, முத்து வேலை என்று பதினேழு நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்ட ரவிக்கை. முதல் நாள் மத்தியானம் போட்டுப் பார்த்துவிட்டு, கை பிடிக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பிரித்துத் தைத்து முடிக்கும்போது சாயங்காலம். அப்போது பார்த்து மறுநாள் ஹர்த்தால் என்று செய்தி வந்தது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடை இல்லை.

கவிதாவின் அம்மா பதறிப்போய் போன் செய்தார்.

"ஏனுங் அம்முணி, இப்பவே ஒரு ஆளை அனுப்பட்டுங்களா?"

"எதுக்குங்கக்கா? பஸ்ஸைத்தான நிறுத்துவாங்க, என்ற வண்டிய யாரு நிறுத்துவாங்க? காத்தால ஒம்பது மணிக்கு ரவிக்கை உங்க கையில இருக்கும். நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

அவர் தூங்கினார். நானும் தூங்கினேன். காலையில் மறந்துவிடக் கூடாது என்று ரவிக்கைப் பெட்டியைச் சாயங்காலமே சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டேன். என்ன முன்யோசனை!

காலை ஏழு மணிக்குக் குளித்து, பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்ப ஏறி உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். நீளமாக அழுத்தினேன். விட்டு விட்டு அழுத்தினேன். ஸ்டாண்டை எடுத்து அழுத்தினேன், போட்டு அழுத்தினேன், பிரேக்கைப் பிடித்து அழுத்தினேன். விளக்கு இல்லை, சத்தம் இல்லை. கல் மாதிரி நின்றது.

ஹர்த்தால் நாளில் எங்கள் ஊரில் யாருக்கும் வேலை கிடையாது. அரை மணி நேரத்துக்குள் என் வாசலில் முப்பது மெக்கானிக்குகள். முதலில் வந்தவர் எதிர்வீட்டுச் சண்முகண்ணன். ஆட்டோ ஓட்டுகிறவர், அன்றைக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கை அரிக்க உட்கார்ந்திருந்தவர்.

"தள்ளிக்கங்க அம்முணி. ஒருவாட்டி ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு எடுத்தாச் சரியாப் போயிரும்."

"அண்ணா, அது பெட்ரோல் வண்டிக்குங்க. இதுல பெட்ரோலே இல்லீங்களே."

"படுத்தா எல்லாத்துக்கும் நல்லதுதான்" என்று சொல்லிப் படுக்க வைத்தார். எழுப்பினார். வண்டி அப்படியேதான் இருந்தது. கண்ணாடி ஒன்று மட்டும் வானத்தைப் பார்த்தது.

அடுத்தது என் மாமனார். ஆறு ஏக்கர் தென்னந்தோப்பும் இரண்டு போர் மோட்டாரும் வைத்திருப்பவர். கரண்டு சம்பந்தமான எதுவும் அவருக்கு மோட்டார்தான். டெஸ்டரைக் கொண்டு வந்து ஹேண்டில்பாரில் வைத்தார், புட்ரெஸ்ட்டில் வைத்தார், கடைசியில் ரப்பர் கைப்பிடியில்கூட வைத்துப் பார்த்தார்.

"கண்ணு, இதுக்குக் கெபாசிட்டர் எங்க இருக்குது?"

"மாமா, இதுல அதெல்லாம் கிடையாதுங்க." (இருக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. முதல் நாள் சாயங்காலம் சார்ஜரைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டியவர் மாமனார்தான். பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நீங்க நேத்து சார்ஜரை வெடுக்குனு புடுங்குனீங்கல்ல? அதுலதான் உள்ள என்னமோ போயிருச்சு!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "புடுங்குனது நெசந்தான் கண்ணு. மெதுவாத்தான் புடுங்குனேன்" என்றார். நான் விடவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரிடமும் 'மாமா சார்ஜரைப் பிடுங்கினார்' என்று ஆரம்பித்தே கதை சொன்னேன். முப்பது பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சண்முகண்ணன்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். "வண்டி கெடக்குது உடுங்க. ரவிக்கையக் குடுங்க, என்ற தம்பி பைக்குல அரை மணியில கொண்டு போயிக் குடுத்துட்டு வந்தர்றேன்."

"ரவிக்கை உள்ள இருக்குதுங்கண்ணா."

"எடுத்துட்டு வாங்க."

"ஊட்டுக்குள்ள இல்லீங்க. சீட்டுக்குள்ள."

"தொறங்க."

"வண்டி ஆன் ஆனாத்தான் சீட்டு தொறக்குமுங்க."

 பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்ப கல்யாணத்த இங்க வெச்சுக்கலாமுங்க" என்றார்கள்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தாள். இனிமையான குரல்.

"மேடம், சீட்டைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருக்கும் வண்டி எண்ணைச் சொல்லுங்க."

"சீட்டைத் தொறக்க முடியலீங்க. வண்டி ஆன் ஆகலை."

"சரிங்க மேடம். முதல்ல வண்டியை ஆன் பண்ணிக்கோங்க."

நான் போனை வைத்துவிட்டேன். மணி எட்டரை. முகூர்த்தம் பத்தரைக்கு.

கடப்பாரை கொண்டு வரலாம் என்றார் மாமனார். புது வண்டி, நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான் பால் வண்டி வந்தது. ஹர்த்தாலிலும் பாலுக்கு விலக்கு உண்டு. டிரைவர் பிஜு, கொல்லங்கோடு வழியாகப் போகிற மலையாளப் பையன். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தான்.

"சேச்சி, ரவிக்கை எடுக்கான் பற்றில்லெங்கில் ஸ்கூட்டரே கொண்டு போகாம். கேற்று!"

ரவிக்கையை எடுக்க முடியாவிட்டால் ஸ்கூட்டரையே ஏற்று என்கிறான். எட்டுப் பேர் தூக்கி, பால் கேன்களுக்கு நடுவில் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் நான் பட்டுச் சேலையோடு பிடித்துக்கொண்டேன். மறுபக்கம் மாமனார். "நான் கெடுத்தது, நானே வந்து அவுங்ககிட்டச் சொல்லீர்றேன்" என்று வெள்ளை வேட்டியோடு ஏறிவிட்டார். வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. (கேன்கள் ஆடிய ஆட்டத்தில் பேசவும் முடியாது.)

ஒரு முக்கில் ஹர்த்தால்காரர்கள் நிறுத்தினார்கள். பால் போகலாம், இந்த ஸ்கூட்டர் எதற்கு என்று கேட்டார்கள். பிஜு, "கல்யாணம் ஆணு சேட்டா" என்றான். கல்யாண வண்டிக்கும் விலக்கு உண்டு. ஆனால் பத்திரிகையைக் காட்ட வேண்டும். பத்திரிகை வீட்டில் இருந்தது. நான் சீட்டைத் தட்டிக் காட்டி, "பொண்ணோட ரவிக்கை இதுக்குள்ள மாட்டிக்கிச்சுங்க" என்று கும்பிட்டேன். கொடி வைத்திருந்தவர் கொடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். சரி, ஆபத்து என்று நினைத்தேன். அவர் ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்து, குனிந்து, முகர்ந்து, "பேட்டரி டெர்மினல் நோக்கியோ?" (பார்த்தீர்களா?) என்று கேட்டார். பத்து நிமிஷம் அங்கேயும் ரிப்பேர் நடந்தது.

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதே முக்கால். வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்துக்கு நேராக ஸ்கூட்டரை இறக்கினார்கள். கவிதாவின் அம்மா ஓடி வந்தார். வந்ததும் ரவிக்கைக்குக் கையை நீட்டினார்.

நான் ஸ்கூட்டரைக் காட்டினேன்.

"இதுல எங்கீங்க அம்முணி?"

சொன்னேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மாடியில புள்ள சேலையக் கையில வெச்சுட்டு அழுதுட்டிருக்குது. பழைய ரவிக்கை எதுவும் இந்தச் சேலைக்கு ஒத்துவரலை" என்றார்.  இனி எவளும் என்னிடம் முகூர்த்த ரவிக்கை கொடுக்க மாட்டாள் என்பது கூட அப்புறம்தான். அந்தப் பெண் அழுகிறாள் என்பதே தாங்கவில்லை. உடைத்துவிடுங்கள் என்றேன்.

மண்டபத்தில் கடப்பாரை இல்லை. சமையல்காரர் பெரிய அண்டாவில் கிண்டுகிற சட்டுவத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அதன் காம்பைச் சீட்டுக்கடியில் கொடுத்து நெம்பினார். சீட்டு நாலு விரல் அளவு எழும்பியது. உடைபடவில்லை, திறக்கவும் இல்லை. ஆம்பிளைக் கை எதுவும் நுழையவில்லை. நான் வளையலோடு கையை விட்டேன். மணிக்கட்டு போயிற்று, பாதி முழங்கை போயிற்று, பெட்டியின் மூலை விரலில் பட்டது. "பட்டுருச்சு, பட்டுருச்சு!" என்று கத்தினேன். அந்தச் சந்தோஷத்தில் சமையல்காரர் சட்டுவத்தை விட்டுவிட்டார்.

சீட்டு என் கையைக் கவ்விக்கொண்டது.

பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, ஒரு கை ஸ்கூட்டருக்குள். குனிந்த தலை. உள்ளே வந்துகொண்டிருந்த விருந்தாளிகள், வரவேற்க நிற்கிறாள் என்று எண்ணி எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் இருந்த ஒரு கையால் வணக்கம் சொன்னேன். வேறு என்ன செய்வது?

அப்போது மாமனார் முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் எந்த ஆபீசருக்கும் அவர் துண்டை எடுத்து நான் பார்த்ததில்லை. கவிதாவின் அம்மா முன்னால் கும்பிட்டு நின்றார்.

"மன்னிக்கோணும் தாயி. மருமக மேல ஒரு தப்பும் இல்லீங்க. சார்ஜரைப் புடுங்கி வண்டியக் கெடுத்தது நானுங்க."

அவர் சொல்லி முடிக்கவும், உள்ளே துழாவிக்கொண்டிருந்த என் விரல் நுனியில் ஒரு சின்ன சுவிட்ச் இடறவும் சரியாக இருந்தது. அது கீழே பார்த்து, அணைத்தபடி இருந்தது. அந்த நொடியில் முதல் நாள் சாயங்காலம் முழுசாக என் கண் முன்னால் வந்தது.

சாயங்காலம் இடி இடித்தது. தென்னந்தோப்பு வீடுகளில் முதல் இடிக்கே எல்லாருடைய கையும் மெயினுக்குப் போகும். ஒரு மின்னலில் மோட்டார் புகைந்து போன வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். யோசிக்காமலே கை போகும். அன்றைக்கு மோட்டார், டி.வி., பிரிட்ஜ், தையல் மெஷின் எல்லாவற்றையும் அணைத்தேன். அதனால்தான் மாமனாரும் சார்ஜரைப் பிடுங்கியிருக்கிறார். நான் ரவிக்கைப் பெட்டியை உள்ளே வைத்தேன். ஷோரூம்காரர், 'இது வண்டிக்கு மெயின்' என்று காட்டிய சுவிட்சும் அங்கேதான் இருந்தது. வண்டிக்கும் இடி விழுமே! அதையும் அணைத்தேன். மெயினை உள்ளே வைத்துச் சீட்டை மூடினேன். பெருமையோடு போய்ப் படுத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சத்தமில்லாமல் சுவிட்சைத் தட்டிவிட்டு, 'லூஸ் கனெக்‌ஷன்' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தத் துண்டு கக்கத்தில் இருந்தது.

சுவிட்சைத் தட்டினேன். ஸ்கூட்டர் உடனே விளக்கெல்லாம் எரிந்து, ஒரு சின்ன பாட்டுப் பாடி எழுந்தது. மறுகையால் சீட்டுப் பொத்தானை அழுத்தினேன். 'டக்'. சீட்டு திறந்தது, நான் பின்னால் விழுந்தேன், பெட்டியை யாரோ தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள்.

"என்ன ஆச்சு? எப்படி ஆச்சு?" என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். "மாமா, துண்டத் தோள்ல போடுங்க. நீங்க ஒண்ணும் கெடுக்கலீங்க. இடிக்குப் பயந்து மெயினை அமத்தி உள்ள வெச்சுப் பூட்டுனது நாந்தானுங்க."

மாமனார் என்னைப் பார்த்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "இடி உள்ள வரக் கூடாதுன்னு பொண்ணோட ரவிக்கையவே காவலுக்கு உக்கார வெச்சுட்டயா கண்ணு?" என்று கேட்டு, பக்கத்திலிருந்த சமையல்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். நான் காலையிலிருந்து அவர் மேல் போட்ட பழிக்கு அவர் கேட்ட தண்டனை அவ்வளவுதான்.

பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போது கவிதா மேடைக்கு வந்தாள். ரவிக்கைக் கை பிடிக்கவில்லை. கழுத்து அத்தனை கச்சிதம். நான் பின்வரிசையில், வீங்கிய மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு பார்த்தேன். தாலி கட்டும்போது கவிதாவின் அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் அழுதோம்; காரணம் மட்டும் வேறு வேறு.

போட்டோக்காரர் ஒரு படத்தையும் விடவில்லை. கல்யாண ஆல்பத்தில், மாப்பிள்ளை வருகைக்கும் மாலை மாற்றுவதற்கும் நடுவில் ஒரு பக்கம் முழுக்க நான்தான். முகூர்த்த ரவிக்கை தைக்க வருகிற பெண்கள், "நீங்கதானுங்களா அந்த அக்கா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் முன்னாலேயே வாங்கிக்கொண்டு போகிறார்கள். தொழிலுக்கு ஒரு வகையில் நல்லதுதான்.

வீட்டில்தான் தப்பிக்க வழி இல்லை. இப்போதும் வானம் உறுமினால் மாமனார் எங்கே இருந்தாலும் போன் செய்துவிடுகிறார். போன வாரம் ஒரு மின்னல் வெட்டியதுதான் தாமதம், தோப்பிலிருந்து அழைப்பு.

"கண்ணு, மெயினை அமத்திட்டயா?"

"அமத்திட்டேனுங் மாமா."

"உள்ள எதுவும் வெச்சு மூடலையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் தாத்தாவிடம் பேசப் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கவலப்படாதீங் அப்பாரு. எண்ணிப் பாத்துட்டேன். அம்மாவோட ரெண்டு கையும் வெளியதானுங்க இருக்குது!"