இருபது எலியும் ஒரு முறுக்கு டின்னும்

இருபது எலிகளையும் ஒரே தொட்டியில் போட்டுவிட்டு, இரண்டு கூண்டுகளையும் கழுவித் துடைத்த பிறகுதான் தம்புசாமிக்கு உறைத்தது. எந்த எலி எந்தக் கூண்டிலிருந்து வந்தது?

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இருபதும் ஒரே அச்சு. கறுப்புத் தலை, வெள்ளை உடம்பு. இருபதும் நிமிர்ந்து அவரையே பார்த்தன.

தம்புசாமி கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக எலிகளுக்குத் தீனி போட்டுத் தண்ணீர் மாற்றி வருகிறவர். பிரிக்பீல்ட்ஸில் தன் தெருக்காரர்களிடம் மட்டும் "ரிசர்ச்ல இருக்கேன்" என்பார். முந்தின நாள்தான் டாக்டர் மார்க்கிரட் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த எலிகள் வந்து சேர்ந்திருந்தன. இரண்டு பெட்டி, பெட்டிக்குப் பத்து. டாக்டரே கூண்டுகளில் 'நல்லது', 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தார்.

"எலி உடம்புல ஒரு ரிசெப்டர் ஜீன் இருக்கு, தம்புசாமி. அது சரியா இருந்தாத்தான் காதும் கேக்கும், கண்ணும் தெரியும். இதுல பத்து எலிக்கு அது பிறவியிலேயே பழுது. வர்ற வியாழக்கிழமை கமிட்டி வருது. அவங்க முன்னால ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டணும். இல்லேன்னா புரோஜெக்டை மூடிருவாங்க."

மூடினால் தம்புசாமிக்குக் கீழ்த்தளத்தில் போத்தல் கழுவும் வேலைதான்.

"கலந்துறாதீங்க" என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னா டாக்டர், நான் நேத்து வந்த ஆளா?" என்று அவரும் சிரித்திருந்தார்.

இப்போது தொட்டியருகே நின்று கை தட்டினார். ஒன்றுகூட அசையவில்லை. இருபதும் செவிடா? அலுமினியத் தட்டை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தார். இருபதும் ஒன்றாகத் துள்ளின. பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த சீன மாணவியும் துள்ளி, கையிலிருந்த கண்ணாடித் தகட்டைப் போட்டு உடைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அங்கிள், ஓகே ஆ?"

"ஓகே லா" என்றார் தம்புசாமி, தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

வீட்டில் மனைவி புஷ்பவல்லியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"கை தட்டினா யாரு திரும்புவா? நான் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடறேன், நீங்க திரும்பறீங்களா? முறுக்கு டின்னைத் திறந்தா மட்டும் வாசல்லேர்ந்து வந்து நிக்கிறீங்க."

தம்புசாமிக்குக் கோபம் வரவில்லை. யோசனை வந்தது.

திங்கட்கிழமை முறுக்கு டின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. டின்னைத் திறந்து, எல்லா எலிக்கும் ஒரு துண்டு கொடுத்து ருசி காட்டினார். செவ்வாய்க்கிழமை தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு மூடியை 'டப்'பென்று திறந்தார். பதின்மூன்று எலி ஓடி வந்தன. ஏழு தூங்கின.

ஆனால் செவிடு பத்து இருந்தாக வேண்டும். தம்புசாமி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, கடைசியாக வந்த மூன்றைப் பிடித்து, "நீங்க அரைச் செவிடு" என்று தீர்ப்புச் சொல்லி, ஏழோடு சேர்த்துப் 'பழுது' கூண்டில் போட்டார். இனிமேல் கலக்கக் கூடாதென்று அந்தப் பத்தின் வாலிலும் நீல மை தடவினார்.

கண்ணையும் பார்த்துவிடலாம் என்று டார்ச் அடித்தார். நீல வால்கள் பதறி மூலைக்கு ஓடின. நல்ல எலிகள் கொட்டாவி விட்டன.

"பேட்டரி வீக்கு" என்று முடிவு செய்து டார்ச்சை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

புதன்கிழமை மறுபடியும் டின்னைத் திறந்தபோது நீல வாலில் ஆறு ஓடி வந்தன. நல்லதில் நான்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்புசாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போத்தல் கழுவும் பிரஷ் கண் முன்னால் வந்து போனது.

வியாழக்கிழமை காலை அவர் செய்த காரியத்தை எந்த ஆராய்ச்சிப் புத்தகத்திலும் எழுத முடியாது. நீல வால்களுக்கு வயிறு முட்ட முறுக்கு கொடுத்தார். மற்ற பத்துக்குத் தீனியே வைக்கவில்லை.

பத்து மணிக்குக் கமிட்டி வந்தது. மூன்று பேர், தலைவர் பேராசிரியர் பழனியப்பன். எலிகளுக்குக் காது கேட்கிறதா என்று காட்ட டாக்டர் ஒரு சின்ன மணியை எடுத்தார்.

"மணி வேணாம் டாக்டர். டின் சத்தத்துலதான் பழக்கியிருக்கேன்" என்றார் தம்புசாமி.

டப்.

நல்ல எலிகள் பத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடி வந்தன. நீல வால்கள் மல்லாந்து கிடந்தன.

பழனியப்பன் குனிந்து ஒரு நீல வாலை உற்றுப் பார்த்தார். "காது மட்டுமில்ல, கண்ணும் மங்கித்தான் இருக்கு. அந்தப் பார்வையைப் பாருங்க."

அது இரண்டு முறுக்கு தின்ற பார்வை.

"இவ்வளவு தெளிவான ரிசல்ட்டை நான் பார்த்ததே இல்ல. மூணு வருஷத்துக்குத் தாராளமா நடத்துங்க" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போனார்.

டாக்டர் மார்க்கிரட்டின் கண் கலங்கியிருந்தது. "எல்லாம் உங்க கைராசி, தம்புசாமி" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கையில் முறுக்குத் தூள் ஒட்டியிருந்தது. தம்புசாமியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"டாக்டர், நான் எலியைக் கலந்துட்டேன்."

டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப நீல வால்?"

"அது முறுக்கு தின்ன எலி."

தொட்டியிலிருந்து முறுக்கு டின் வரை அவர் எதையும் விடாமல் சொல்லி முடித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"சரி. பழனியப்பன் கிட்ட நானே போய் உண்மையைச் சொல்றேன். ஒண்ணும் கெட்டுப் போகலை. பழுதான பத்து இந்த இருபதுக்குள்ளதானே இருக்கு? பொறுமையா உக்காந்து பிரிச்சிரலாம்."

தம்புசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போது கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வேன் டிரைவர் விஜயன் ஒரு பெட்டியோடு உள்ளே வந்தான்.

"ஒரு சைன் போடுங்க டாக்டர். போன வாரம் வந்த ரெண்டு பெட்டியுமே நல்ல எலிதானாம், இப்பதான் ஏர்போர்ட்ல விட்ட இந்தப் பெட்டியிலதான் பழுதான பத்தும் இருக்கு."