விக்கல் விதி

"முழங்காலுக்கு மேலன்னு எழுதியிருக்கீங்க. யாரோட முழங்கால்?" என்று சட்ட ஆலோசகர் கேட்டபோது, நகராட்சி விளம்பரப் பிரிவு எழுத்தர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு குளியல் சோப்பு விளம்பரம். ஒரு பெண் நுரைக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் தெரிந்தது; மற்றதெல்லாம் நுரை. ஆபாசம் என்று நகராட்சிக்கு முப்பது புகார்கள் வந்தன. எடுத்துவிடலாம் என்றால், சோப்புக் கம்பெனி ஒரே ஒரு கேள்வி கேட்டது: உங்கள் விதியில் ஆபாசம் என்றால் என்ன? விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஆபாச விளம்பரங்கள் கூடாது என்று போட்டிருந்தது. எது ஆபாசம் என்று எழுதிவைக்க அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வேலைதான் இப்போது எழுத்தர் தலையில் விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வரையறை வராவிட்டால் கழிவுநீர் நிலையத்துக்கு மாற்றல் என்று ஆணையர் சொல்லிவிட்டார். எழுத்தர் சாது. முப்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டு மாடியில் ஜாகை. எங்கே தூக்கிப் போட்டாலும் வாயைத் திறக்காத ஆள். ஆனால் விளம்பரப் பிரிவை விட்டுப் போவதென்றால் மட்டும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் வரையறையில், தோளோ முழங்காலுக்கு மேலோ மூடப்படாத உருவம் ஆபாசம் என்று எழுதினார். மறுநாள் காலையில் நகராட்சி ஆட்கள் உற்சாகமாகக் கிளம்பிப் போய், கால்பந்து அணியின் படத்தையும், தவழும் குழந்தை இருந்த பவுடர் விளம்பரத்தையும் இறக்கிவிட்டார்கள். எலும்பு மருத்துவமனையின் பலகையையும் விடவில்லை. அதிலிருந்த எலும்புக்கூடு ஒட்டுத்துணி இல்லாமல் நின்றதாம்.

இரண்டாவது வரையறை: குடும்பத்தோடு சேர்ந்து பார்க்கக் கூசும் விளம்பரம் ஆபாசம். இதைப் படித்த சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க மாமியாரோட உட்கார்ந்து என்னால பல்பொடி விளம்பரம்கூடப் பார்க்க முடியாது. அப்ப அது ஆபாசமா?"

வியாழக்கிழமை ஆணையருக்குப் பொறுமை போய்விட்டது. உட்கார்ந்து எழுதினால் வராது, நேரிலேயே பார்த்து முடிவு செய்யலாம் என்று எல்லோரையும் ஜீப்பில் ஏற்றினார். முன்னால் ஓட்டுநரும் அவரும். பின்னால் ஓர் ஓரத்தில் எழுத்தர், நடுவில் சட்ட ஆலோசகர், மறு ஓரத்தில் பலகைகளை அளக்கும் சர்வேயர். இந்த சர்வேயர் கறாரான பெண். அரை அங்குலம் கூடினாலும் கம்பெனிக்காரர்களை உலுக்கி எடுத்துவிடுவார்.

சோப்பு விளம்பரத்தின் கீழே சர்வேயர் டேப்பின் ஒரு முனையை எழுத்தர் கையில் கொடுத்து, ஆடாமல் பிடிக்கச் சொன்னார். அதே நேரம் ஆணையர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சட்டமெல்லாம் கிடக்கட்டும். மனசைத் தொட்டுச் சொல்லுய்யா. இது ஆபாசமா, இல்லையா?"

எழுத்தர் வாயைத் திறந்தார். "விக்" என்றது.

மறுபடி திறந்தார். மறுபடி அதேதான். அடுத்த தெருவில் ஒரு சின்னக் குடை விளம்பரம். அளக்கிற அளவுக்கு அது பெரிதில்லை என்று சர்வேயர் ஜீப்பிலேயே இருந்துவிட்டார். எழுத்தர் மட்டும் இறங்கிப் போய்ப் பார்த்தார். விக்கல் நின்றிருந்தது.

ஆணையரின் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் புத்தகத்தில் தேடியது ஒரு மனுஷனின் தொண்டையில் இருந்திருக்கிறது. கள்ளங்கபடம் இல்லாத மனசு, அதனால்தான் உடனே காட்டிக்கொடுக்கிறது என்றார். எழுத்தர் பதறிப்போய், "ஐயா, இந்த விக்கல் வந்து..." என்று தொடங்கினார். அடக்கம் வேண்டாம் என்று ஆணையர் அவர் முதுகில் தட்டினார்.

வெள்ளிக்கிழமை புதிய விதி நிறைவேறியது. 'பிரிவு எழுத்தருக்குப் பணி நேரத்தில் இயல்பாக விக்கல் உண்டாக்கும் விளம்பரம் ஆபாசமானதாகக் கருதப்படும்.' சட்ட ஆலோசகர் தன் பங்குக்கு ஒரு துணைவிதி சேர்த்தார்: பார்வையிடுவதற்கு அரை மணி முன்பிருந்து எழுத்தர் காரம் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது.

அதன் பிறகு ஊர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாலாவது நாள், நாற்சந்தியில் இருந்த ஒரு சிமெண்ட் விளம்பரத்தைப் பார்த்து எழுத்தர் ஏழு முறை விக்கினார். அந்தப் படத்தில் ஒரு சுவர், அதன் முன்னால் ஒரு மூட்டை. ஆள் கிடையாது. ஆனால் விதி விதிதான். 'ஆபாசம்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினார்கள்.

அதுவரை அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காத ஜனம் அங்கே கூடிவிட்டது. மூட்டையை ஒருவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சுவரின் வளைவில் என்னமோ இருக்கிறது என்றார் இன்னொருவர். பள்ளிக்கூட வண்டி அந்த இடத்தைக் கடக்கும்போது ஆசிரியை பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். சிமெண்ட் கம்பெனி முதலாளி தன் வீட்டிலேயே தலைகாட்ட முடியாமல் தவித்தார்.

மறுவாரம் மழை, சர்வேயருக்குக் காய்ச்சல், டேப்பை ஆணையரே பிடித்தார். அன்றைக்குப் பார்த்தது ஒரு ஜட்டி விளம்பரம். மூன்று மாடி உயரம். எழுத்தரே கூசிப்போய், "இது வேண்டாங்கய்யா" என்று கெஞ்சினார். விக்கல் வந்ததா என்று கேட்டார் ஆணையர். வரவில்லை. உத்தமமான விளம்பரம் என்று சான்றிதழ் கொடுத்தாயிற்று.

வீட்டில் அக்கா வேறு பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு வீட்டுல தம்பிக்கு என்ன உத்தியோகம்னு கேக்கறாங்க. போர்டு பார்த்து விக்கல் எடுக்கறான்னு சொல்ல எனக்கு வாய் வரலைடா. அந்த இடம் கைவிட்டுப் போச்சு."

தம்பி முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்து அக்காவுக்கு இன்னும் கோபம் வந்தது.

கடைசியில் சிமெண்ட் கம்பெனி வழக்குப் போட்டது. எழுத்தர் பொய் விக்கல் எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போய்விடும், மாற்றலோடு முடியாது. நீதிமன்றத்துக்கே சிமெண்ட் விளம்பரத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து, கூண்டில் நின்ற எழுத்தரின் முன்னால் விரித்தார்கள். அவர் பார்த்தார். எல்லோரும் அவர் தொண்டையைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றும் வரவில்லை. கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆணையர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, பலகையின் அளவைச் சரிபார்க்க சர்வேயரைக் கூப்பிட்டார்கள். அவர் அளவுப் புத்தகத்தோடு வந்து கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார். எழுத்தர் சட்டென்று பார்வையை நேரே திருப்பிக்கொண்டார். நேரே இருந்தது நீதிபதி.

"விக்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"விக். விக்."

வக்கீல் துள்ளி எழுந்தார். விதிப்படி விக்கல் வந்தால் ஆபாசம். இப்போது எழுத்தர் பார்த்தது மாண்புமிகு நீதிபதியை. ஆகவே இது அப்பட்டமான நீதிமன்ற அவமதிப்பு என்றார். நீதிபதி மேலங்கியை ஒருமுறை சரிசெய்துகொண்டு, எழுத்தரை உற்றுப் பார்த்தார்.

"எதைப் பார்த்து இப்ப விக்கல் வந்தது? நிஜத்தைச் சொல்லுங்க. இல்லேன்னா இங்கிருந்து நேரா ஜெயில்."

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். வேலை போகட்டும், ஜெயிலுக்கே போகட்டும், அதை இத்தனை பேர் நடுவில் சொல்ல அவரால் ஆகாது. பாவம், அப்படி ஒரு பிறவி. ஆணையர் கெஞ்சினார், சட்ட ஆலோசகர் மிரட்டினார். கூண்டிலிருந்து இன்னொரு விக்கல்தான் வந்தது. காவலர் விலங்கோடு நெருங்கினார்.

வாசல் கதவோரம் நின்றிருந்த ஜீப் ஓட்டுநர், அனுமதி கேட்காமலே இரண்டடி முன்னால் வந்தார்.

"ஐயா, போர்டுக்கும் விக்கலுக்கும் சம்பந்தமே இல்லீங்க, சர்வேயரம்மா பக்கத்துல வந்து நின்னா இவருக்கு வரும், நகர்ந்தா நின்னுடும், அது அந்தம்மாவுக்கும் தெரியும், இல்லேன்னா தினமும் எதுக்குங்க ரெண்டு தண்ணி பாட்டில் கொண்டு வர்றாங்க?"