கம்பித் தடுப்பில் வந்து நின்றவர்கள்

அன்புள்ள மாப்பிள்ளை கந்தப்பன் அவர்களுக்கு,

கொமரலிங்கம் ஆற்றோரத்திலிருந்து உங்கள் மச்சான் மகுடேஸ்வரன் எழுதுவது. நீங்களும் தங்கச்சி வள்ளியாத்தாளும் திருப்பூர் கம்பெனியில் ஓடும் அத்தனை மிஷின்களும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு சுகம்தான், மனசுதான் சரியில்லை. இந்தக் கடிதத்தையே என் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளவும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கோபிக்க வேண்டாம். போன் டர்பைனுக்குள் போய்விட்டது.

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்து ஓய்வுபெற்று ஊட்டோடு கிடந்தவனை நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். "ஆத்தோரம் காத்து வாங்கிட்டு உக்காந்திருங்க மச்சான், கம்பியில குப்பை சேந்தா வாரிப் போடோணும், அவ்வளவுதான்" என்றீர்கள். கம்பெனிக்குக் கரண்ட் எடுக்கிற நம் சின்ன மின்நிலையத்துக்குள் தண்ணீர் போகிற வாயில் அந்தக் கம்பித் தடுப்பு இல்லையென்றால் தென்னமட்டையும் வாழைத்தண்டும் உள்ளே போய் டர்பைன் இறக்கையை உடைத்துவிடும் என்பதும், குப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் போகாமல் மிஷின் கிடுகிடுவென்று ஆடும் என்பதும் வந்த பிறகுதான் தெரிந்தது. குப்பையை ஓரத்துக்குத் தள்ளிவிட முன்னால் நீல டிரம்களைக் கோத்து மிதக்கவிட்டிருந்த சங்கிலி போன வெள்ளத்தில் அறுந்தது. சொன்னேன். "தீபாவளி ஆர்டர் முடியட்டும் மச்சான்" என்றீர்கள். ஆறு அதுவரை காத்திருக்கவில்லை.

முந்தாநாள் காலை, பனிமூட்டம். என்னோடு குப்பை வாருகிற மருதாள்தான் முதலில் பார்த்தாள். மொட்டைத் தலை, வெள்ளை பனியன், குப்புறக் கிடந்தது. "ஏனுங்க! பொணமுங்க!" என்று அலறினாள். நான் ஓடிப்போய் மிஷினை நிறுத்திவிட்டு, சாமியெல்லாம் கும்பிட்டுக்கொண்டு கொக்கியைப் போட்டு இழுத்தால், கை தனியாகக் கழன்று என் காலடியில் வந்து விழுந்தது. அந்தக் கைக்குள்ளிருந்து ஒரு தவளை குதித்துப் போனது.

கடையில் பனியன் மாட்டி வைக்கிற பொம்மை, மாப்பிள்ளை! மேலே ஆற்றோரத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் குடோனுக்குள் வெள்ளம் புகுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. காலுக்குள் தண்ணீர் நிறைந்து எல்லாம் நெட்டுக்குத்தலாக நின்றன. தண்ணீர் இழுக்கிற இழுப்பில் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, உள்ளே யாரையோ தேடுகிற மாதிரி பார்த்தன. மேலே தூக்கும்போது ஒவ்வொன்றும் கழுத்து வழியாக ஒரு பெருமூச்சு விட்டது. வரிசையாகச் சுவரோரம் சாத்தினோம். பார்க்கப் பயமாக இருக்கிறதென்று மருதாள் எல்லாவற்றையும் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்று மட்டும் எங்களைப் பார்த்து நின்றது. காற்று திருப்பியிருக்கும் என்றேன். "காத்தே இல்லீங்களே" என்றாள்.

அப்போதுதான் நீங்கள் போன் செய்து, நான் நடந்ததைச் சொன்னதும், "பொம்மைக்கெல்லாமா மிஷினை நிறுத்துவீங்க? இன்னொருக்கா நிறுத்துனீங்கன்னா நானே கிளம்பி வந்துருவேன்" என்று சத்தம் போட்டீர்கள். சரி, இனி எது வந்தாலும் நிறுத்துவதில்லை என்று வைராக்கியமாக மிஷினை ஓடவிட்டேன். மத்தியானம் இன்னொன்று வந்தது. மற்றதெல்லாம் நேராகக் கம்பிக்கு வர, இது மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அறுந்த சங்கிலியின் மிச்சத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. இரண்டு பொம்மைகள் அதை நடுவில் வைத்து அணைத்தபடி வந்திருந்தன. "அதுவும் பொம்மைதானுங்க, விடுங்க" என்றாள் மருதாள். எனக்கோ கண் அங்கேயே நின்றது. அதன் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. பிளாஸ்டிக் எப்படி மாப்பிள்ளை சுருங்கும்?

நான் ஓடினேன். நீங்கள் மறுபடியும் போனில் வந்து "என்ன மச்சான், என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சிவப்புப் பொத்தானை அமுக்கக் குனிந்ததில் தோளில் இடுக்கியிருந்த போன் நழுவிக் கம்பி இடுக்கு வழியாக உள்ளே போனது. கடைசிவரை நீங்கள் பேசிக்கொண்டேதான் போனீர்கள்.

மிஷின் நின்றதும் தண்ணீரின் இழுப்பு குறைந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நான் இறங்க, மருதாள் மேலிருந்து பிடித்துக்கொண்டாள். இழுத்துப் போட்டதும் அந்த ஆள் எங்கள் காலடியிலேயே வாந்தி எடுத்தார். ஒருவர் வாந்தி எடுத்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததே இல்லை. அந்தக் குடோன் வாட்ச்மேன், பெயர் சுடலை, தெற்கத்திக்காரர். கண் திறந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"அந்த அக்காவ எடுத்துட்டியளா?"

"எந்த அக்காங்க?"

"எம் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டே வந்தாவள்லா. தலைய மேல வையி, தலைய மேல வையின்னு சொல்லிக்கிட்டே வந்தாவ."

மருதாள் என்னைப் பார்த்தாள். மணிக்கட்டில் விரல் தடம் சிவந்து கிடந்தது. "குடோன்ல பொம்பளைப் பொம்மை ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்க கம்பெனியில ஆம்பள பனியன் மட்டுந்தானம்மா."

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இப்போது இட்லி சாப்பிடுகிறாராம். தீயணைப்புக்காரர்கள் பொழுது சாயும்வரை ஆற்றைத் துழாவியும் யாரும் கிடைக்கவில்லை. கரையோர ஊர்களில் எந்தப் பெண்ணையும் காணோம் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் கம்பியில் மோதுகிற சத்தம் இப்போது எனக்குப் பேச்சாகவே கேட்கிறது. ஆகவே என்னை விட்டுவிடுங்கள். தைரியமான ஆளாக ஒருத்தரை அனுப்புங்கள்.

தங்கச்சிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உங்கள் தறிக்கு நூல் அறாமலும், ஊட்டுக்குக் கரண்ட் போகாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மகுடேஸ்வரன்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன்னால் இன்று விடியலில் கடைசியாக ஒருமுறை கம்பியைப் பார்த்து வரப் போனேன். ஆறு கரைபுரண்டு போகிறது, கம்பியிலோ ஓர் இலைகூட இல்லை. கரைமேல் மட்டை தனி, பாட்டில் தனி, துணி தனியாக அழகாகக் குவித்திருந்தது. மருதாள் எனக்குப் பின்னால்தான் வந்தாள், இது அவள் வேலை இல்லை. வாருகிற கொக்கி ஈரமாகச் சுவரில் சாய்ந்திருந்தது. பிடியில் கை வைத்தேன், இன்னும் சூடு ஆறவில்லை. ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், மாப்பிள்ளை. இவ்வளவு வேலையையும் அந்த அக்கா ஒருத்தி தலையில் கட்டிவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.