சைக்கிள் ஷெட்டில் ஒரே ஓர் அப்பா

தூங்குகிற மனிதனால் உலகத்துக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. (குறட்டையைச் சேர்க்காதீர்கள். அது வீட்டு விவகாரம்.) ஆள் தூங்கி, கை மட்டும் விழித்திருந்தால்தான் ஆபத்து. இந்த உண்மையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தலைமை ஆசிரியையின் பட்டுப்புடவை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எனக்கு நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்ட். என் மனைவி தனத்துக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் உத்தியோகம், பகல் வேலை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். எங்கள் இல்லறம் பெரும்பாலும் வாசற்படியில்தான் நடந்தது. "மாவு பொங்கிருச்சு, மண்ணெண்ணெய் தீந்துருச்சு, பிள்ளைக்குத் தலை வாரணும்" என்று ஷிப்ட் மாறும்போது மெஷினை ஒப்படைப்பதுபோல என்னிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போவாள்.

ஆகவே மகள் நித்யாவை எல்.கே.ஜி.யில் சேர்த்தபோது, கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு ஆயிற்று. அவளோ பள்ளிக்கூடத்தைப் பார்த்த நாள் முதல் அழுதாள். கேட்டில் ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை அழுவாள். நடுவில் தண்ணீர் குடிக்க மட்டும் நிறுத்துவாள். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவாள். "அழாத கண்ணு, மணி அடிச்சா விட்டுருவாங்க" என்று தினமும் அவள் காதில் ஓதிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவேன். ஜெயிலுக்குப் போகிறவனிடம் சொல்வது மாதிரி இருக்கிறதே என்று எனக்கே தோன்றும். வேறு ஆறுதல் தெரியவில்லை.

தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய மிஸ் என்பார்கள். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "மத்த குழந்தைங்களையும் கிளப்பி உடறாளுங்க. இந்த மாசம் பார்க்கலாம். சரிப்படலீன்னா அடுத்த வருஷம் கூட்டியாங்க" என்றார். அடுத்த வருஷம்வரை பிள்ளையை யார் பார்ப்பது? பகலில் நான் தூங்கியாக வேண்டும். தனம் வேலையை விட்டால் வாடகை கொடுக்க முடியாது. மிச்சம் ஒரே வழி, நித்யாவை ஊரில் என் அக்கா வீட்டில் விடுவது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மகளைப் பார்க்கிற அப்பாவாக இருக்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு மெஷினில் நூல் அறுந்தது கூடத் தெரியாமல் போகும்.

புதுப் பிள்ளைகளின் அம்மாக்கள் காலையில் கொஞ்ச நேரம் வளாகத்துக்குள்ளேயே காத்திருக்கலாம் என்று பள்ளியில் ஓர் அனுமதி இருந்தது. அம்மாக்கள் எல்லோரும் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா என்று அங்கே இருந்தது நான் ஒருவன்தான். ஷெட்டுக்குள் போக வெட்கம், வெளியே போக மனசில்லை. எனவே எதிரிலிருந்த மின்கம்பத்தில் சாய்ந்து நிற்பேன். ஷெட்டில் கலகலவென்று பேச்சு நடக்கும். நான் செருமினால்கூட நின்றுவிடும். வாட்ச்மேனுக்கும் என்னை அடையாளம் பிடிபடவில்லை. ஒருநாள் பெஞ்சு தூக்க வந்த ஆள் என்று நினைத்து, "சீக்கிரம் மேல ஏத்துப்பா" என்றார். மறுக்கக் கூச்சமாக இருந்ததால் எல்லாப் பெஞ்சையும் மாடிக்கு ஏற்றி முடித்த பிறகுதான், நானும் ஒரு பெற்றோர் என்ற தகவலைச் சொன்னேன். "அதைய மொதல்லயே சொல்றதில்லீங்களா?" என்று கோபித்துக்கொண்டார்.

ஷெட்டில் அம்மாக்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. திருப்பூரில் யாரும் சும்மா உட்காருவதில்லை. மடியில் ஆளுக்கொரு பனியன் பண்டல் இருக்கும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை, டிரிம்மர் என்கிற குட்டிக் கத்திரியால் வெட்டிக்கொண்டே பேசுவார்கள். பண்டலைக் கொண்டுவந்து பிரித்துக் கொடுப்பவர் ருக்மணி. அவர் கணவர் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றைச் சின்னதாக வைத்திருந்தார். அந்த ஷெட்டுக்குப் பெரிய மிஸ் ருக்மணிதான்.

ஒருநாள் காலை நித்யாவின் அழுகை ஜன்னல் வழியாக வழக்கத்தைவிட உருக்கமாக வந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நானும் கண்ணைத் துடைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஷெட்டே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்ணா," என்று ருக்மணி குரல் கொடுத்தார். "அந்தக் கம்பம் உளுந்துராதுங்ணா. நீங்க முட்டுக் குடுக்க வேண்டாம். இங்க வந்து உக்காருங்க."

போய் ஓரமாக உட்கார்ந்தேன். எதுவும் கேட்காமல் என் கையில் ஒரு டிரிம்மரும் மடியில் ஒரு கட்டுப் பனியனும் வந்து விழுந்தன. பக்கத்திலிருந்த மெஹருன்னிசா, "எம் பையன் போன வாரம் ஆயாவைக் கடிச்சு வெச்சுட்டானுங்ணா. ஊசி போட்டுட்டு வந்தாங்க அவங்க" என்றார். ருக்மணியின் மகள் ஒரு வாரம் டாய்லெட்டுக்குள் தாழ்போட்டு உட்கார்ந்திருந்தாளாம். இன்னொரு அம்மா தன் மகனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் சிரித்தார். என்ன சொல்ல? இத்தனை நாள், உலகத்திலேயே பிள்ளை வளர்க்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள்! அன்றைக்கு எனக்குக் கிடைத்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் நெஞ்சு இளகுகிறது.

அதிலிருந்து நான் ஷெட்டின் நிரந்தர உறுப்பினர். தலையில் பேன் வராமல் பார்ப்பது, டிபன் பாக்ஸில் இட்லி காயாமல் வைப்பது, பிள்ளை பொய்யாக வயிற்றுவலி சொன்னால் கண்டுபிடிப்பது என்று சகல கலைகளும் அங்கே கற்றேன். பதிலுக்கு என்னால் முடிந்தது பிசிறு வெட்டுவதுதான். அதில் எனக்கு ஒரு தனித்திறமை இருப்பதும் அங்கேதான் தெரிய வந்தது. இரவெல்லாம் கண் விழித்த உடம்பு, ஷெட்டின் நிழலில் உட்கார்ந்ததும் தூங்கிவிடும். கை மட்டும் நிற்காது. விரலால் தையலைத் தடவும், நூல் தட்டுப்பட்டால் வெட்டும், அடுத்த இடத்துக்குப் போகும்.

"பாருங்கோ, அண்ணன் குறட்டை உட்டுட்டே ஒரு கட்டு முடிச்சுட்டாரு!" என்று ருக்மணி எல்லோரிடமும் பெருமையடித்தார். நானும் பெருமைப்பட்டேன். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நான் கேடு எதுவும் நினைக்கவில்லை. தூங்கத்தான் செய்தேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் வந்தது. நித்யாவின் தலைவிதி அன்றைக்குத்தான் முடிவாக இருந்தது. நான் ஷிப்ட் முடித்து, முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நித்யாவைக் கூட்டிக்கொண்டு நேராகப் போய், அவளை ஆயாவிடம் விட்டேன். ஹாலில் பாய் விரித்திருந்தார்கள். பாவம், ருக்மணிக்கு அன்று அவசர ஷிப்மெண்ட். பண்டலை ஷெட் உறுப்பினர்கள் எல்லோருக்கும் கமுக்கமாகப் பிரித்துக் கொடுத்து, "பேச்சைக் கேட்டுட்டே வெட்டிப் போடுங்க, மிஸ்ஸுக்குத் தெரியாது" என்றார். என் பங்கை மடியில் வைத்து, மேலே பிள்ளையின் பையைப் போட்டு மறைத்துக்கொண்டேன்.

பெரிய மிஸ் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். நின்ற இடத்தில் பேசாமல், வகுப்பெடுப்பதுபோலப் பாய்களுக்கு நடுவே உலாவிக்கொண்டே பேசினார். நல்ல பேச்சாகத்தான் இருந்திருக்க வேண்டும். நான் கேட்ட கடைசி வாக்கியம், "பெத்தவங்க கையில்தான் எல்லாம் இருக்குது" என்பது.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உலாவி வந்த பெரிய மிஸ் எனக்கு முதுகைக் காட்டி, எதிர் வரிசையில் யாருடைய சந்தேகத்துக்கோ நீளமாகப் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். அவருடைய முந்தானை சரியாக என் மடிமேல் தொங்கியிருக்கிறது. அரக்கு நிறப் பட்டு. முந்தானை முனையில் வரிசையாகக் குஞ்சம். நான் கண்ணை மூடியபடி, பனியன் வெட்டி முடிந்ததும் கையால் துழாவியிருக்கிறேன். துணி கிடைத்தது. ஓரத்தைத் தடவியிருக்கிறேன். அம்மாடி, எவ்வளவு பிசிறு! எந்தத் தையல்காரன் இவ்வளவு மோசமாகத் தைத்தான் என்று கை நினைத்திருக்கும். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு குஞ்சமாக, ஒட்ட ஒட்ட வெட்டியிருக்கிறது. என்னைப் பார்த்த மெஹருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாராம். ருக்மணி தன்னிடமிருந்த பனியனை என்மேல் வீசியிருக்கிறார். அதையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேலையைத் தொடர்ந்திருக்கிறேன்.

பெரிய மிஸ் நகர்ந்தபோது முந்தானை நகரவில்லை. என் கை பிடித்திருந்தது. அவர் திரும்பினார்.

"என்ன பண்ணீட்டிருக்கறீங்க நீங்க?"

நான் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னேன்: "முடிஞ்சுருச்சுங்க. இந்த ஓரம் மட்டுந்தான் பாக்கி."

கண்ணைத் திறந்தேன். மடியில் அரக்கு நிறக் குஞ்சங்கள் அழகாகக் குவிந்திருந்தன.

அவருடைய அறைக்குப் போகச் சொன்னார்கள். போய் நின்றேன். அவர் வந்து உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மொட்டை முந்தானையைக் கையில் வைத்துக்கொண்டு, "எம் பொண்ணு மொதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்ததுங்க இது" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். வீரபாண்டியில் பூமி கெட்டியானது. நித்யாவை ஊருக்கு அனுப்பும் பஸ்ஸே என் கண்ணில் தெரிந்தது. ஜன்னலோரம் அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து ஆயா நித்யாவைக் கொண்டுவந்து அறை வாசலில் விட்டார். அழுகை தாங்கவில்லையாம். நித்யா உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, பெரிய மிஸ் முன்னால் நிற்கிறான். கண்ணில் வேறு தண்ணீர். அவள் அழுகை தண்ணீர் குடிக்காமலே நின்றது. மெதுவாக உள்ளே வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அழாதீங்கப்பா," என்றாள் ரகசியமாக. "மணி அடிச்சா விட்டுருவாங்க."

பெரிய மிஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொம்ப நேரம் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

அதற்குள் ஷெட் மொத்தமும் அறைக்குள் வந்துவிட்டது. ருக்மணிதான் பேசினார். "மிஸ், தப்பு எங்க பேர்லதானுங்க. ராத்திரி பூரா மிஷின்ல நின்னுட்டு வந்த மனுசன் கையில பண்டலைக் குடுத்தது நானுங்க. திட்டறதுன்னா எங்க எல்லாத்தையும் சேத்துத் திட்டுங்க. அவரு எங்கூட்டு ஆளுங்க."

எங்கள் ஊர்ப்பக்கம் சொந்தத் தம்பிக்குக்கூட யாரும் இப்படிப் பரிந்து பேசி நான் கேட்டதில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்றவனை எங்கள் வீட்டு ஆள் என்கிறார். என் கண்ணில் இரண்டாம் ஷிப்ட் தொடங்கியது.

"அதையெல்லாம் அப்பறம் பாக்கலாம், முந்தானையைக் குடுங்க" என்று மெஹருன்னிசா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் குஞ்சம் கட்டத் தெரியும். முனையில் குறுக்கு இழைகளைக் கொஞ்சம் உருவிவிட்டு, மிஞ்சிய இழைகளைப் பிரித்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். என்னையும் ஒரு மூலையைப் பிடிக்கச் சொன்னார்கள், டிரிம்மரைப் பிடுங்கிக்கொண்டு. புடவை பெரிய மிஸ் உடம்பில் இருந்ததால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்தார். பிறகு, "எம் பொண்ணும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருஷம் அழுதாளுங்க" என்றார் யாரையும் பார்க்காமல். "நான் டீச்சர். எம் பொண்ணே அழுகுதுன்னு வெளிய சொல்ல முடியுங்களா?" ருக்மணி, "எங்ககிட்டச் சொல்லுங்க மிஸ்" என்றார். சொன்னார். குஞ்சம் கட்டி முடிகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தானை ஒரு விரற்கடை குட்டையானது. நித்யாவை ஊருக்கு அனுப்புகிற பேச்சு அத்தோடு போயிற்று. திங்கட்கிழமையிலிருந்து அவள் அழவில்லை. கேட்டில் நின்று, "நீங்க சமத்தா இருக்கணும், மிஸ் புடவையைத் தொடக்கூடாது" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு உள்ளே போவாள். அடுத்து தனம் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் விஷயத்தைச் சொன்னேன்; செக்கிங் சூப்பர்வைசர் ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஓரம் நேரா வெட்டுனீங்களா?" நேராகத்தான் என்றேன். "அப்பச் சரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நித்யாவின் கல்யாணத்துக்கு ஷெட் உறுப்பினர்கள் எல்லோரும் வந்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள், தலை நரைத்தவர்கள். மண்டபத்து வாசலில் என்னைப் பார்த்ததும் வரிசையாக நின்று, சொல்லி வைத்தாற்போல முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் இதை ஏதோ கொங்குநாட்டு வழக்கம் என்று எண்ணி, அவர்களும் செருகிக்கொண்டார்கள். பெரிய மிஸ் அதே அரக்குப் புடவையில் வந்து, என்னைவிட்டு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்து நித்யா காரில் ஏறும் நேரம். நான் அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அவள் என் பக்கம் குனிந்து காதில் சொன்னாள்: "அழாதீங்கப்பா. மணி அடிச்சா விட்டுருவாங்க."

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. கர்சீப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற ருக்மணி இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி என்னிடம் நீட்டினார்.

"தொடச்சுக்கோங்ணா," என்றார், தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஒத்தைக் கையால தொடைங்க. இன்னொரு கை எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியோணும்."