குன்றேறிய வெள்ளக்கல்

வரைபடத்தில் ஓர் எறும்பு வந்து நின்றால் மறைந்துபோகும் அளவுக்குச் சின்ன ஊர் சாய்வூர். வடக்கே ஏரி, தெற்கே ஒரு குன்று, நடுவில் சரிவாக வீடுகள். ஏரியை ஒட்டிய பள்ளத்துக்குக் கரையடித்தெரு என்று பெயர். இல்லாதவர்கள் அங்கேதான் இருந்தார்கள். சரித்திரம் என்று பார்த்தால் அந்த ஊருக்கு ஒன்றே ஒன்றுதான்: முன்னொரு காலத்தில் வந்த பெருவெள்ளம். பிழைத்தவர்கள் தெருமுனையில் ஒரு கல்லை நட்டு, அதில் ஒரு கோடு வெட்டினார்கள். தண்ணீர் அந்தக் கோட்டை நனைத்தால் ஏரியின் கலிங்கைத் திறந்து உபரி நீரை வெளியேற்ற வேண்டும். வேறு எதைக் கண்டும் திறக்கக் கூடாது. இதுவே சட்டம்.

திறந்தால் தண்ணீர் பாய்வது ஊர் மன்ற உறுப்பினர்களின் வாழைத் தோப்புகளில். வெள்ளக்கல்லின் மேல் மன்றத்துக்குத் திடீரென்று பக்தி பிறந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"நமது வரலாற்றுச் சின்னம் சேற்றில் நிற்பதா? என் நெஞ்சம் பொறுக்கவில்லை" என்றார் மன்றத் தலைவர் வச்சிரநாதர். மேளதாளத்தோடு கல் குன்றின் உச்சிக்குப் போனது. பளிங்கு மேடை, மழை படாமல் கூரை, காவலுக்கு ஓர் ஆள். கரையடித்தெருக்காரர்களும் வெயிலில் நின்று கைதட்டினார்கள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆண்டு மழை பிடித்தது, விடவே இல்லை.

கரையடித்தெருப் பொன்னாத்தாளின் கணவன் கருத்தப்பன், பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தவன். தண்ணீர் வாசற்படி ஏறியதும் அவள் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தாள். மேலும் ஏறியது, மேலும் வைத்தாள். செங்கல் தீர்ந்ததும் மன்றத்துக்கு ஓடினாள்.

"ஐயா, முழங்காலுக்கு மேல வந்திருச்சுங்க. அவரால எந்திரிச்சு உக்காரக்கூட முடியாது. கலிங்கைத் தொறந்து விடுங்க சாமி."

செயலர் குணபாலர் சன்னல் வழியே குன்றின் உச்சியில் இருந்த கல்லைப் பார்த்தார். "கோடு உலர்ந்தே இருக்கிறது. ஆகவே வெள்ளம் இல்லை. நீ குறிப்பிடுவது ஈரம்."

அன்றே ஓர் ஆணை பிறந்தது: முழங்கால், இடுப்பு முதலிய உறுப்புகளைச் சொல்லித் தண்ணீரை அளப்பது வதந்தி பரப்பும் குற்றம். அதன் பின்னாலேயே இன்னொன்று: தண்ணீர் நிற்கும் வீடுகள் இனிக் குளங்களாகக் கருதப்படும், அவற்றின் மீன்பிடி உரிமை மன்றத்தையே சேரும். தண்டோராக்காரன் தண்ணீரில் நின்றபடி இதை அறிவித்தான். எவ்வளவு தண்ணீர் என்று நானும் சொல்லப்போவதில்லை, ஆணை இருக்கிறது.

கட்டிலின் கயிறு நனையத் தொடங்கியது. பொன்னாத்தாள் பக்கத்து வீட்டுச் சடையனிடம் கணவனை ஒப்படைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தெருப் பெண்களைக் கூப்பிட்டாள்.

"கல்லு தண்ணிக்கு வரமாட்டேங்குது. நாம தண்ணியக் கல்லுகிட்ட கொண்டுபோவோம், வாங்கடி."

வழுக்கி வழுக்கிக் குன்றேறினார்கள். குடம் குடமாகக் கல்லின் மேல் ஊற்றினார்கள். காவலாளி குனிந்து பார்த்தான். கோடு நனைந்திருந்தது. பாவம், சட்டம் தெரிந்தவன். ஓடிப்போய் மணியை அடித்தான்.

மன்றம் குடைகளோடு குன்றில் கூடியது.

"கோடு நனைந்துள்ளது. ஆகவே வெள்ளம் வந்துள்ளது. சட்டத்துக்கு மன்றம் தலைவணங்குகிறது" என்றார் தலைவர். பொன்னாத்தாள் அழுதபடியே கும்பிட்டாள். தலைவர் இன்னும் முடிக்கவில்லை. "செயலரே, தண்ணீர் தானாகக் குன்றேறுமா?"

"ஏறாது, ஐயா."

"அப்படியானால் இந்த வெள்ளத்தைக் கொண்டுவந்தவர் யார்?"

எல்லோரும் குடங்களைப் பார்த்தார்கள்.

"என்னைத் தூக்குலகூடப் போடுங்க, அந்தக் கலிங்கை மட்டும் தொறங்கய்யா!" என்று பொன்னாத்தாள் கதறினாள்.

"வெள்ளத்தைக் கொண்டுவந்தவர்களே பிடிபட்டுவிட்டார்கள். இனிக் கலிங்கு எதற்கு?" என்றார் செயலர்.

பெண்களைக் குன்றிலிருந்த மன்றக் கட்டடத்தில் அடைத்தார்கள். வெள்ளத்தை ஒழித்த தலைவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை மக்கள் முன்னால் வைக்க வேண்டும் என்பது மரபு. தலைவரும் செயலரும் மன்றத்துப் படகில் கரையடித்தெருவுக்குப் போனார்கள். மக்கள் கூரைகளின் மேல் இருந்தார்கள். வழுக்கும் கூரை, ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் முகட்டைப் பற்றியிருந்தார்கள்.

"தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்!" என்று செயலர் கூவினார்.

ஒரு கையும் எழவில்லை. "ஏகமனதாக..." என்று தலைவர் தொடங்கியபோது, தெருக்கோடிக் கூரையில் ஒரு கை எழுந்தது. சடையன் கருத்தப்பனைக் கூரையில் ஏற்றி, விழாமலிருக்கக் கட்டில் கயிற்றால் முகட்டோடு கட்டிவைத்திருந்தான். அந்தத் தெருவிலேயே கருத்தப்பனின் கைகள் மட்டும்தான் சும்மா இருந்தன.

"யார் அது?" என்றார் தலைவர், முகம் சுருங்கி.

செயலர் வீட்டை நன்றாகப் பார்த்தார். "அது வீடு இல்லை, ஐயா. நம் ஆணைப்படி குளம். குளத்துக்கு வாக்கு கிடையாது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. படகு திரும்பியது. குன்றின் மேல் கம்பிச் சன்னலைப் பிடித்துக்கொண்டு பொன்னாத்தாள் தன் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கருத்தப்பன் கையை இறக்கவில்லை.